கட்டம் சரியில்லை

காற்று விட்ட அன்று
ஹியூமா தீவுக்குப் படகேறினேன்.
ஐஸ் பெட்டியில் ரத்தக் குழாய்கள், பையில் படிவங்கள்,
நாலெழுத்து படித்தவள் என்ற மிதப்பு வேறு.
உயிரை எழுதுவதும் அதே நாலெழுத்துதானே.

ஒரு கரு இரண்டாய்ப் பிரிந்து பிறந்தவர்கள்:
ஹெல்யு, மைமு. வயது ஐம்பத்து மூன்று.
செரட்டோனினைத் திருப்பி இழுக்கும் மரபணு
இருவருக்கும் குட்டை வகை.
"குட்டை என்றால் சீக்கிரம் இடிந்துபோவோமாமே?"
மைமு கேட்டாள், செதில் சீவிக்கொண்டே.
அப்படித்தான் முதலில் சொன்னார்கள்,
பிறகு நிறையப் பேரை எண்ணிப் பார்த்தவர்கள்
தெரியவில்லை என்றார்கள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
கத்தி நிற்கவில்லை.

வாழ்க்கைக் காலண்டர்.
ஐந்து வருடம், அறுபது கட்டம்.
சாவு, வேலை, வீடு, கடன், உறவு:
நடந்திருந்தால் ஒரு பெருக்கல் குறி,
அவரவருக்கு நடந்தது மட்டும்.

மைமுவுக்குக் குறி போட்டே கை ஓய்ந்தது.
மார்ச்சில் மீன் ஆலை மூடியது.
அடுத்த ஜனவரி, கடல்மேல் பனி உடைந்து
எண்டெல் போனார், வலையோடு.
ஏப்ரல் வரை உடல் இல்லை.
அந்தக் கோடையிலேயே கூரை எரிந்தது.
"இந்தப் பல்லையும் எழுதிக்கொள்,
அந்த வருடக் கணக்குதான்."
சிரித்தாள். பல் இருந்த இடம் தெரிந்தது.

ஹெல்யுவின் தாள் வெள்ளை.
கணவர் இருக்கிறார், பக்கத்து அறையில், வானொலியோடு.
கூரை இருக்கிறது. பல் இருக்கிறது.
அக்டோபரிலிருந்து தலை சீவவில்லை.
நான் வரும் முன்பே ஆறிய காப்பி
நான் எழுந்தபோதும் அங்கேயே.
"எனக்கு ஒன்றும் நடக்கவில்லையே," என்றாள்,
எதையோ தொலைத்துவிட்டு
மன்னிப்புக் கேட்பவள்போல.

கட்டம் சரியில்லை என்று சொல்லவும் வழியில்லை.
கட்டத்தில் ஒன்றுமே இல்லை.

துறைவரை மைமு கூட வந்தாள்.
சூனிப்பர் புதர்களுக்குள் இருட்டு, மணி மூன்றரைதான்.
"எண்டெலைத் தேடிய மூன்று மாதமும்
மாத்திரை போட்டுத் தூங்கினேன் நான்.
தினம் விடியுமுன் கரையில் போய் நின்றவள் அவள்.
எனக்குச் சொல்லவேயில்லை.
பூட்ஸ் ஈரத்தை வைத்துக் கண்டுபிடித்தேன்."

படகு கிளம்பியதும்
ஹெல்யுவின் தாளை மடியில் விரித்தேன்.
ஜனவரி. பிப்ரவரி. மார்ச்.
விதி எனக்குத் தெரியும்.
குளிரில் பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் பொத்தி
ஊதிக்கொண்டிருந்தேன்.