பதினொன்றாம் கேள்வி

செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு
நகர அலுவலகத்தின் பின்னறை.
நாய் உரிமம் கேட்டு வருகிறவர்களுக்கு முன்வாசல்.
மருந்துப் படிவத்தோடு வருகிறவர்கள்
சாலைக்குத் தூவும் உப்பு மூட்டைகளுக்கு நடுவே புகுந்து
இந்த வழி.

ரோசேர் மிஷோ வந்தது நவம்பர் கடைசியில்.
உருளைக்கிழங்குக் கிடங்கின் மண்
காதுமடலில் இன்னும் ஒட்டியிருந்தது.
தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவுமில்லை.
"என் தங்கை போகச் சொன்னாள்" என்றார்,
பழியை அவள்மேல் போடுவதுபோல்.

பெயர். பிறந்த தேதி.
மெய்ன் மாநிலத்தில் எத்தனை ஆண்டுகள்?
"பிறந்ததிலிருந்து. அதற்குமுன் என் அப்பா."
வீட்டில் எத்தனை பேர்?
"நான். ஒரு பூனை. பூனையை எழுதாதே."

வருமானம் என்ற கட்டத்தில் மாட்டிக்கொண்டோம்.
அறுவடைக்காலத்தில் மூன்று வாரம் பார்த்த இரவுப்பணி
அவரை வரம்புக்கு மேலே
அறுபத்திரண்டு டாலர் உயரத்தில் நிறுத்தியிருந்தது.
அறுபத்திரண்டு டாலர் பணக்காரர்.
கையேட்டின் பின்பக்கங்களில் ஒரு மணி நேரம் தேடினோம்.
வேலைக்குப் போய்வரும் பெட்ரோலைக் கழிக்கலாம் என்று
எறும்பு எழுத்தில் ஒரு வரி.
போக முப்பத்தெட்டு மைல், வர முப்பத்தெட்டு.
வாழ்க்கையில் முதன்முறையாக
அவருக்குத் தூரம் உதவியது.

பிறகு பதினொன்றாம் கேள்வி.
உங்களிடம் ஏழு நாட்களுக்குப் போதுமான இன்சுலின் உள்ளதா?
ஆம். இல்லை.

பேனாவை வாங்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.
"எப்படிப் போட்டால்?" என்றார்.
"டாக்டர் சொன்னபடி போட்டால் மூன்று நாள்.
நான் போடுகிறபடி போட்டால் ஒன்பது."

கஞ்சி என்றால் நீர் விளாவலாம்.
இது விளாவ முடியாத மருந்து.
ஆகவே அவர் நாட்களை விளாவினார்.
காலையில் இருபதுக்குப் பதில் பன்னிரண்டு,
ரொட்டியைத் தொடாவிட்டால் எட்டு,
ஞாயிறு முழுக்கப் படுத்தே கிடந்தால் ஆறு.
கால்விரல் மரத்தபோது குளிர் என்றார்.
கண் மங்கி, வண்டி பள்ளத்தில் இறங்கியபோது
பனி என்றார்.
எங்கள் ஊரில் எதற்கும் பனியைச் சாட்சிக்குக் கூப்பிடலாம்.
பனி மறுத்துப் பேசாது.

'ஆம்' என்றால் அவசரக் குப்பி கிடையாது.
'இல்லை' என்றால் பொய் என்று நினைத்தார்.
வரி கட்டும்போதுகூடப் பொய் சொல்லாத ஆள்,
தன் உடம்பிடம் மட்டும்
மூன்று வருடமாய்ச் சொல்லிவருகிறார்.

"ஓரத்தில் விளக்கி எழுதட்டுமா?"
எழுதினால் இயந்திரம் படிவத்தைத் துப்பிவிடும்.
"ரோசேர், அவர்கள் கேட்பது டாக்டருடைய கணக்கை" என்றேன்.
தாள் கிழிகிற அழுத்தத்தில்
'இல்லை' கட்டத்தை நிரப்பினார்.
அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார்.

அவசரக் குப்பி அன்று மாலையே கிடைத்தது.
மாநிலத்தின் அட்டை பத்தொன்பது நாளில்.
மருந்துக்கடை நோயெலா சொன்னாள்:
வழக்கம்போல் உறையிலிருந்த நோட்டை எல்லாம்
மேசைமேல் எண்ணி வைத்தாராம்.
முக்கால்வாசியை அவள் திருப்பித் தள்ளினாளாம்.
வாசல்வரை போய், ரசீதைப் படித்து,
திரும்பி வந்து,
"பெண்ணே, நீ தப்பாய் அடித்துவிட்டாய்" என்றாராம்.

நேற்று அவரைக் கிடங்கில் பார்த்தேன்.
மதிய இடைவேளை.
தீரப்போகும் குப்பியைக் குழல்விளக்குக்கு எதிரே
தலைகீழாகப் பிடித்து
விரல்நகத்தால் சுண்டிக்கொண்டிருந்தார்,
கண்ணாடியில் ஒட்டிய கடைசித் துளிக்காக.
"ஃப்ரிட்ஜில் இன்னும் இரண்டு இருக்கிறதே?"
"இருக்கிறது."
சுண்டுவதை நிறுத்தவில்லை.
"அட்டையின் மூலையில் ஒரு தேதி போட்டிருக்கிறான், பார்த்தாயா?"

பார்த்தேன்.
அதற்கு ஆறு வாரம் முந்தைய செவ்வாயை
என் காலண்டரில் வட்டமிட்டிருக்கிறேன்.
பென்சிலால் அல்ல.