மூக்கடைப்பு

கிம்லியில் ஜனவரி. மைனஸ் முப்பத்தாறு.
செவ்வாய் காலையிலிருந்து
எங்கள் கழிப்பறைக்குக் கோபம்.

பொத்தானை அழுத்தினால்
தண்ணீர் விளிம்புவரை எழுந்து வந்து
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
அவசரமில்லாமல் இறங்குகிறது.
கடைசியில் ஓர் ஏப்பம்.
பக்கத்துக் குளியல்தொட்டியின் வாயிலிருந்து
அதற்கோர் எதிரேப்பம்.

லெய்ஃபூரும் நானும் பேசி
அதற்கும் இரண்டு நாள் ஆகியிருந்தது.
ஏரியின் பனியில் துளைபோட
அவன் அப்பா வைத்திருந்த துரப்பணத்தை
லூத்தரன் சபைக்கூடத்துப் பழம்பொருள் விற்பனையில்
பன்னிரண்டு டாலருக்குத் தள்ளிவிட்டேன்.
ஆறு குளிர்காலமாய்த் தொடவில்லையே என்றேன்.
அதை மட்டும் சொல்லியிருக்கக் கூடாது.

ஆகவே மௌனத்தில் நடந்தது மராமத்து.
ரப்பர் கிண்ணத்தை அவன் எடுத்தான்.
நாற்பது அமுக்கு; கதவோரம் நின்று எண்ணினேன்.
பாத்திர சோப்பும் ஒரு வாளி வெந்நீரும்
என் யோசனை.
எலுமிச்சை மணத்தோடு ஏப்பம் விட்டது.
ஸ்பிரிங் கம்பியை விட்டுச் சுழற்றினோம்,
அவன் கைப்பிடி, நான் டார்ச்.
மூன்று மீட்டர் போன கம்பி
சோதனை போட்ட வீட்டிலிருந்து
வெறுங்கையோடு திரும்பும் போலீஸ்காரனாய்
பளபளவென்று வெளியே வந்தது.

புதன் இரவு பீங்கானையே கழற்றினான்.
ஒரு போல்ட் முறிந்தது.
பழைய மெழுகு வளையம்
அவன் முழங்காலில் அப்பிக்கொண்டது.
தரையில் உள்ளங்கை அகலக் கறுப்பு ஓட்டை.
தலையும் தலையும் முட்டாத குறையாகக்
குனிந்து பார்த்தோம்.
ஒரு சீப்பு, ஒரு பொம்மைக் கார்,
பழி சுமத்த ஏதாவது கிடைத்திருக்கலாம்.
ஒன்றுமில்லை.

பெட்ரோல் பங்க்கில் வேண்டாத சூயிங்கம் வாங்கி வாங்கி
சாவி கேட்டேன் நான்.
அவன் எங்கே போகிறான் என்று விசாரிக்கவில்லை.
பின்வாசல் பனியில்
மஞ்சளாய் ஒரு கோடு இருந்தது.

வெள்ளியன்று மெட்ரோ ஹ்னாட்யுக் கூப்பிட்டார்.
துரப்பணத்தை வாங்கியவர்.
அலகைத் தீட்ட எந்த அரம் என்று
லெய்ஃபூரிடம் கேட்கவேண்டுமாம்.
நானோ கழிப்பறையைச் சொல்லிப் புலம்பினேன்.

"கூரையப் பாத்தியா, வால்டீன்?"

"கீழதானே அடைச்சிருக்கு?"

"மூக்கு மேல இருக்கு.
கழிவுக் குழாய்லேர்ந்து கூரைக்கு ஒண்ணு போகுமே, அது.
பாட்டிலக் கவுத்தா களக் களக்குன்னு திக்கும்ல?
காத்து வந்தாதான் தண்ணி போகும்.
இந்தக் குளிர்ல உங்க வீட்டு ஆவியே
உறைஞ்சு அத மூடியிருக்கும்."

லெய்ஃபூருக்கு முழங்கால் ஆகாது. ஏறியது நான்.
என் இடுப்பில் கயிறு கட்டினான்.
ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.
இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.

மேலே, குழாயின் வாய் நிறைய உறைபனி,
நடுவில் சட்டைப் பொத்தான் அளவு துளை.
கண்ணிமை ஒட்டிக்கொள்ளும் காற்று.
தெற்கே ஏரியில் மீன்பிடிக் குடிசைகள்,
ஒவ்வொன்றின் மேலும் நேராய் நின்ற புகை.
பிளாஸ்கைத் திறந்து ஊற்றினேன்.

"இப்போ?"

அரையாய்த் திறந்த குளியலறை ஜன்னலிலிருந்து,
"இல்ல."

இரண்டாவது பிளாஸ்க்.

"இப்போ?"

"கொஞ்சம்."

மூன்றாவதில் உள்ளே ஏதோ சரிந்தது.
பெரிய சத்தமொன்றும் இல்லை.
குழாய் என் முகத்தில் மூச்சு விட்டது:
வெதுவெதுப்பாய், நாற்றமாய்,
சந்தேகமே இல்லாமல் எங்களுடையதாய்.
கீழே தண்ணீர் ஒரே மடக்கில் இறங்கியது.
ஏப்பம் வரும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை.

ஏணியடியில் முடிச்சு விறைத்துப்போயிருந்தது.
கையுறையைக் கழற்றிப் பார்த்தான்,
பிறகு குனிந்து பல்லால் கடித்து இழுத்தான்.
வாயில் கயிற்றோடு ஏதோ சொன்னான்.

"என்ன?"

கயிற்றைத் துப்பினான்.

"பன்னெண்டு ரொம்பக் கம்மி."