நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் வரி

இரவு இரண்டு நாற்பது.
கொம்தார் உச்சியில் சிவப்பு விளக்கு மட்டும் விழித்திருக்கிறது.
ஜாலான் பர்மா மருத்துவமனையின் மருந்துப் பட்டியல்
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
செத்துக் கிடக்கிறது.
திறந்த குறி மூடப்படவில்லை என்கிறது நிரல்.
அதற்கு மேல் ஒரு சொல் பேசாது.

தாதி நோர்ஹயாத்தி தொலைபேசியில் கொதிக்கிறாள்:
நூற்றுப் பதினொரு பேருக்கு மூன்று மணி மருந்து,
ஒரு கொக்கிக்காகவா, யோகா?
நீயே போட்டு மூடிவிடேன்.

பழைய நிரல் அப்படித்தான் மூடும்.
தங்கமான குணம். யாரையும் திருப்பி அனுப்பாது.
விட்டதை ஊகிக்கும், விழுந்ததை நிமிர்த்தும்,
எல்லாம் சரி என்று பச்சை விளக்குக் காட்டும்.
போன தீபாவளி வாரம்
அது ஊகித்த ஊகத்தில்
பதினாறாம் படுக்கை
பதினைந்தாம் படுக்கைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.
பதினாறின் மாத்திரை பதினைந்துக்கு.
உடம்பெல்லாம் தடிப்பு, இரண்டு நாள் மூச்சிரைப்பு,
ஆள் பிழைத்துக்கொண்டார்.
பச்சை விளக்கு அப்போதும் எரிந்தது.

அதன் பிறகு நான்தான் எழுதினேன் இந்தக் கறார்ப்பேர்வழியை.
எதைத் திறந்தாயோ அதன் பேரைச் சொல்லி மூடு.
உள்ளே திறந்ததை உள்ளேயே மூடு.
இல்லையென்றால் நில்.
பூன் கியாட் இதற்கு வைத்த பேர் குடிநுழைவு அதிகாரி.
உன் பேரையே இது ஏற்காது என்று சிரிப்பான்:
அடையாள அட்டையில் யோகாம்பிகை, ஒரு சாய்கோடு, அப்பா பேர்;
திறந்தது ஒருத்தி, மூடியது வேறொருவர்.

இப்போது விரல் விசைமேல்.
ஆறேழு எழுத்து அடித்தால் போதும், எல்லாரும் தூங்கலாம்.
வரியைப் பார்க்கிறேன்.
ஒவ்வாமை என்று திறந்து,
பெனிசிலின், ஒரு காற்புள்ளி,
அப்புறம் வெறும் வெள்ளை.

காற்புள்ளி போட்டுவிட்டு யாராவது முடிப்பார்களா?

எழுப்பிக் கேள் என்றேன்.
இந்த நேரத்திலா?
இந்த நேரத்தில்தான்.

இணைப்பைத் துண்டிக்காமல் போனாள்.
செருப்புச் சத்தம், திரை வளையங்கள் நகரும் ஒலி,
எங்கோ ஓர் இருமல்.
ஆயர் ஈத்தாம் லோரி ஓட்டுநர் சௌரிமுத்து
தூக்கக் குரலில் திட்டினார்.
பிறகு சொன்னார்:
அன்றைக்கு எழுதிக்கொண்டிருந்த பிள்ளையை
யாரோ அவசரமாகக் கூப்பிட்டார்கள்.
நான் சொல்லி முடிக்கவில்லை.
சல்ஃபா மருந்தும் ஆகாது எனக்கு.
இறாலும்.

சேர்த்தேன். மூடினேன்.
கறார்ப்பேர்வழி வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டது.
நூற்றுப் பதினொரு பேருக்கும் பத்தொன்பது நிமிடம் தாமதம்.
அதற்கான விளக்கக் கடிதம்
காலை எட்டு மணிக்குள் என்னிடமிருந்து வேண்டுமாம்.