மூன்றாம் தட்டு

சூரமங்கலம் லேத் பட்டறையின் பின்கட்டில்
நூற்று நாற்பது கிலோ.
ஸ்தனிஸ்லாஸ் அதற்குப் பெயர் வைக்கவில்லை.
சாக்பீஸில் 'சோதனை 1' என்று எழுதியதோடு சரி.

கீழ்த் தட்டு ஜங்ஷன்.
பிளாட்பாரத்துக்கு ஒரு குழி,
விழுந்தால் ஆட்டம் போச்சு.
ஓரமாய் மாக்னசைட் மேடு, சுண்ணாம்பு பூசியது.
நடுத் தட்டு முழுக்க ஏற்காட்டு ரோடு.
கொண்டை ஊசி வளைவு இருபதையும்
ஸ்டீல் பிளான்ட் துண்டுத் தகட்டில் வளைத்திருந்தான்.
நாலைந்தைக் குறைத்தால் என்ன என்றேன்.
அப்புறம் அது வேற மலை என்றான்.

காயில் சுற்றியது நான்.
மிக்ஸிக்கும் கிணற்று மோட்டாருக்கும் சுற்றிய கை.
கீழ்த் துடுப்புக்கு எண்ணூறு சுற்று,
தடித்த கம்பி, கழுதை மாதிரி உதைக்கும்.
மேலே போகப் போக
மெல்லிசாகக் கேட்டான்.

மூன்றாம் தட்டு தலைப்பெட்டிக்குள்.
ஏரி, நீல எனாமல், பனிக்குப் பால் பல்பு
என்றெல்லாம் சொன்னான்.
பக்கவாட்டில் தீப்பெட்டி அகலம் ஒரு ஜன்னல்.
குனிந்து பார்க்க வேண்டுமானால்
பொத்தானிலிருந்து கையை எடுக்க வேண்டும்.
எடுத்தால் குண்டு தங்காது.
ஆகவே ஏரிக்குப் போனவர்கள்
அதன் சத்தத்தைத்தான் கேட்டார்கள்.

கோடை விழாவுக்கு ராட்டினம் விடுகிற நஞ்சப்பன் வந்தார்.
ஒரு ரூபாய் போட்டார். ஸ்டாப்வாட்சை அமுக்கினார்.
நான் ஆடினேன்.
பதினோரு நிமிஷம்.
"ஒரு ரூபாய்க்கா? நான் தர்மத்துக்கா கடை போடறேன்?
மாடி ரெண்டையும் கழட்டிடு,
இருபது பெட்டி எடுத்துக்கறேன்."
ஸ்தனிஸ்லாஸ் கேட்டான்:
"பதினேழாம் வளைவுல ஒரு சத்தம் வந்துச்சே,
கவனிச்சீங்களா?"

அவன் இப்போது ஓசூரில்
யாருக்கோ டை அடிக்கிறான்.
பெட்டி மேல் தார்ப்பாய், தார்ப்பாய் மேல்
என் ஜி.எஸ்.டி. பில்கள்.

போன வாரம் எலி கடித்த வயரை மாற்றிவிட்டு
சும்மா ஒரு காசு போட்டேன்.
மூன்றாவது குண்டு ஏறியது.
ஏறி, சத்தம் மாறியது.
கையை எடுத்தேன்.
குனிந்தேன்.

நீலம் இல்லை.
ரெட் ஆக்ஸைடு ஒரு பூச்சு,
அதன்மேல் பென்சிலில் கோணலாக ஒரு வட்டம்,
நடுவே அவன் கையெழுத்து:
ஏரி. பிறகு.

குண்டு தானாக இறங்கத் தொடங்கியது.
குனிந்தபடியே வளைவுகளை எண்ணினேன்.
பதினேழில்
சத்தம் வரத்தான் செய்கிறது.