சந்தோசம்

மல்லாவிச் சந்தியில் கொத்து அடிக்கிற சத்தம்
பத்து மணியோடு நிற்கும்.
ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்தேன்.
ஒரு முட்டைக்கொத்து, ஒரு பிளேன்ரீ.
கொண்டுவந்து வைத்த பெடியனுக்குப் பதினேழு இருக்கும்.
தட்டுப் பிடித்த பெருவிரல் குழம்புக்கு வெளியே.
கவனித்தேன். தொழில் அப்படி.

எட்டு மாதம் கடலில், இரண்டு மாதம் இங்கே.
ஏழாம் தளத்தில் பதினெட்டு அறை என் பொறுப்பு.
பேரின்பநாதன் எனக்குப் பெயர்,
சட்டைத் தகட்டில் நாதன்,
அவர்கள் வாயில் நேதன்.
இரவில் விரிப்பை இழுத்துவிட்டு
வெள்ளைத் துவாயில் ஒரு யானை மடித்து
கட்டில் நடுவில் இருத்துவேன்.
காது சரியாக வந்தால் குழந்தை சிரிக்கும்.
குழந்தை சிரித்தால் தகப்பனின் கை
சட்டைப்பைக்குப் போகும்.
எப்போதும் இல்லை.

வவுனிக்குளத்துக்கு அந்தப்பக்கம்
அண்ணனின் கச்சானை யானை மிதித்துவிட்டுப் போனது.
நான் யானை மடித்த காசில்தான்
அவன் வேலிக்குக் கம்பி வாங்கினான்.

அந்தக் காசுக்கு எங்களிடம் ஒரு சொல் உண்டு: சந்தோசம்.
கந்தோரில் பேப்பர் நகர
மேசைக்கடியால் கொடுப்பதும் அதே சொல்.
'கப்பலில் சம்பளம் கொஞ்சம் மாமி, மிச்சம் சந்தோசம்தான்'
என்று சொன்ன அன்று
மாமியின் முகம் கறுத்தது.

ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று
பயணியின் கணக்கில் தானாக ஏறும்.
விருப்பமில்லாதவர் கடைசி நாளில்
வரவேற்பு மேசையில் வரிசையில் நின்று அழிப்பிக்கலாம்.
ஏன் என்று கேட்கமாட்டார்கள்.
யார் நின்றது என்று எங்களுக்குச் சொல்லவும்மாட்டார்கள்.
ஆனால் தெரியும்.
காலையில் பெட்டியை உருட்டுகிறவர்
தரைவிரிப்பைப் பார்த்தபடி போவார்.
சிலர் கட்டித் தழுவிவிட்டும் போவார்கள்.

கடைசி இரவு உறைகள் வரும்.
பிலிப்பீன்ஸ்காரன் ரொடெல்
வெளிச்சத்தில் பிடித்தே தொகை சொல்வான்.
எனக்கு ஒருமுறை தடித்த உறை.
உள்ளே நான்கு பக்கக் கடிதம்:
நேதன், நீ எங்களுக்கு ஒரு மகன்.
அவ்வளவுதான்.
உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்ததை
இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.
பக்கத்து அறைக் கிழவர்
ஐஸ் போதாது என்று பத்து நாளும் கத்தினார்,
ஒருமுறையும் முகம் பார்க்கவில்லை,
விளக்கின் கீழ் நூறு டொலர் வைத்துவிட்டு இறங்கிப்போனார்.
கடிதம் அலுமாரியில் இருக்கிறது.
நூறு டொலர் போன இடம் தெரியாது.

பயிற்சியில் முதல் பாடம்: கையை நீட்டாதே,
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்,
அவர்கள் நீட்டினால் மட்டும் எடு.
செட்டிகுளத்தில் முட்கம்பிக்கு உள்ளே
சோற்றுப்பொதிக்கு நீட்டிப் பழகிய கை.
கட்டிவைக்கக் கொஞ்சக்காலம் எடுத்தது.

கொத்துக்கும் தேத்தண்ணிக்குமாக
எண்ணூற்றறுபது கட்டினேன்.
திரும்பிவந்து சோசரின் கீழே ஐந்நூறு வைத்தேன்,
பாதி தெரிய, பாதி மறைய.
எனக்கு அப்படித்தான் வைப்பார்கள்.

மதகடியில் பின்னால் சைக்கிள் மணி.
இழைக்க இழைக்க வந்து நின்றான்.
'அண்ணை, காசை விட்டிட்டு வந்திட்டியள்.'
'உனக்குத்தான் தம்பி.'
'ஏன்?'

பன்னிரண்டு பாசையில் நன்றி சொல்லத் தெரியும் எனக்கு.
இந்த ஏனுக்கு ஒன்றிலும் வரவில்லை.
'சந்தோசமா வைச்சிரு' என்றேன்.
'கொத்துக்குத்தான் தந்திட்டியளே' என்றான்.
தாளை லைற் வெளிச்சத்தில் ஒருக்கால் பார்த்தான்,
நல்லதா என்று.
பிறகு அவனே ஒரு வழி கண்டான்:
'அப்ப நாளைக்கும் வாங்கோ. கழிச்சுவிடுறன்.'

போனேன்.
அதே மேசை, அதே கொத்து,
பெருவிரல் வெளியே.
'முந்நூற்றறுபது' என்றான்.
சில்லறை தேடி எண்ணி வைத்தேன்.
ஒரு ரூபாய் கூட வைக்கப்
பயமாய் இருந்தது.