ஈரப்பாதம்

"யாராச்சும் உங்க வேலையில குறை சொன்னா
எப்படி எடுத்துக்குவீங்க, வான்மதி?"

தஞ்சாவூர், மெடிக்கல் காலேஜ் சாலை,
விதைக் கம்பெனியின் மாடி.
மேசைக்கு அப்பால் மூன்று பேர்,
இப்பால் நானும்
நீடாமங்கலம் பஸ்ஸில் கசங்கிய துப்பட்டாவும்.

அம்மாபேட்டை தாண்டும்வரை
உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்த பதில் இருந்தது:
குறையை வளர்ச்சிக்கான வாய்ப்பாகப் பார்ப்பேன், சார்.
சொன்னேன்.
ஓரத்தில் இருந்தவர் குறித்துக்கொண்டார்.
காலையிலிருந்து இதே வாக்கியத்தை
எத்தனை தடவை குறித்தாரோ.

"ஒரு உதாரணம்?" என்றார் நடுவில் இருந்த மேடம்.

உதாரணத்துக்குப் பேர் புகழேந்தி.

தை மாசம், கொள்முதல் நிலையம்.
ஈரம் பார்க்கும் கருவி என் கையில்.
பதினேழுக்கு மேல் போனால்
திருப்பு, காய வை, அப்புறம் வா.
கருவி சொன்னதை நான் சொன்னேன், அவ்வளவுதான்.
மூட்டை தூக்கும் புகழேந்தி,
பத்தாம் வகுப்பில் என் கணக்கைப் பார்த்து எழுதி
அப்படியும் தோற்றவன்,
வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னான்:
"மேல் நெல்லு ராப்பனி குடிச்சிருக்கு.
அடியில கைய விட்டு எடுத்துப் பாரேன்."

உன் வேலையைப் பாரு என்றேன்.
தராசுக்குப் பின்னால் போய் மூக்கு சிந்தினேன்.
மூன்று நாள்
அவன் கூலிச் சீட்டைக் கடைசியாகவே எழுதினேன்.
நாலாம் நாள், அவன் டீக்குப் போன நேரம்,
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு
குவியலின் அடியில் முழங்கை வரை விட்டேன்.

மேலே பத்தொன்பது புள்ளி நாலு.
அடியில் பதினாறு புள்ளி ஆறு.

அதற்குள் பதினோரு பேரைத் திருப்பியிருந்தேன்.
அதில் இரண்டு பேர்
வியாபாரி சொன்ன விலைக்குக் கொட்டிவிட்டுப் போனார்கள்.
யாருடைய வளர்ச்சி, யாருடைய வாய்ப்பு.

"அடியிலிருந்தும் சாம்பிள் எடுக்கக் கத்துக்கிட்டேன், மேடம்."
பொய் இல்லை.
மேல் நெல்லும் பொய் இல்லைதான்.

மேடம் என் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார்.
"இங்க 'ஈரப்பாதம்'னு இருக்கே."

ஈரப்பதம் அளத்தல், இரண்டு பருவ அனுபவம்.
அப்படி இருந்திருக்க வேண்டும்.
இருபது பிரதி எடுத்திருந்தேன்.
மூன்று பேரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம்.
காது கொதித்தது.
இந்த அறையில்
பின்னால் போய் நிற்க ஒரு தராசு இல்லை.

ஜெராக்ஸ் கடைக்காரர் அடித்தது என்று
நுனி நாக்கு வரை வந்தது.
போனில் தட்டியது நான்தான்.

பேனா கேட்டேன்.
துணைக்காலை அடித்தேன்.
பாதம் பதமானது.
மற்ற இருவரின் பிரதியையும் வாங்கி
அதிலும் அடித்தேன்.

"தகவல் சொல்றோம்" என்றார்கள்.

சாலியமங்கலம் வந்தபோதுதான் தெரிந்தது,
கம்பெனிப் பேனா என் கையிலேயே இருக்கிறது.
புகழேந்தியின் நம்பர் என்னிடம் இல்லை.
பையில் மிச்சம் பதினேழு பிரதி.
ஒவ்வொன்றாக மடியில் வைத்துக்
கால் வெட்டிக்கொண்டே வந்தேன்.
பஸ் குலுங்கிய இடங்களில்
பக்கத்து எழுத்துக்கும் கொஞ்சம் பட்டது.