பார்க்க மட்டும்

பாம்பன் மீன்துறை துணை அலுவலகத்தில்
ஏழு பேர் வேலை பார்த்தார்கள்.
கணினிக்குத் தெரிந்தது ஒருவரை மட்டும்:
களஞ்சியம், ஆய்வாளர்.
கடவுச்சொல் சுவர்க் காலண்டரில்
ஆடி அமாவாசைக்கு நேரே
பச்சை மையில் இருந்தது.

பழைய கணக்குகளைப் புதிய அமைப்புக்கு
மாற்றிக் கொடுக்க வந்தவன் நான்.
ஒப்பந்தம் மூன்று நாள். சாப்பாடு என் செலவு.
ஆளுக்கொரு கணக்கு, கணக்குக்கொரு கைபேசி,
நுழையும்போதெல்லாம் ஆறு இலக்கம்.
இனி யாரும் இன்னொருவராக இருக்க முடியாது என்று
மதுரைப் பயிற்சி வகுப்பில் சொன்னபோது
கைதட்டியவர்களில் நானும் உண்டு.

"களஞ்சியம் சாரைக் கூப்பிடுங்க, கைரேகை வேணும்."
எழுத்தர் சீனிநைனா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சார் தவறி மூணு வருசமாச்சு தம்பி."

திரையைத் திரும்பிப் பார்த்தேன்.
கடைசி நுழைவு: இன்று, அதிகாலை 3.52.

மூன்று வருடமாக
இறந்தவர்தான் டோக்கன் கொடுத்திருக்கிறார்.
எழுபத்துச் சொச்சம் விசைப்படகுகள்
அவர் பேரில் கடலுக்குப் போய்
அவர் பேரில் கரையேறியிருக்கின்றன.
புயல் கூண்டு ஏறிய நாட்களில்
ஒருவருக்கும் கொடுக்கவில்லை.
உயிரோடிருப்பவர்கள் அவ்வளவு கறாராக இருந்து
நான் கண்டதில்லை.

தணிக்கைக்காகப் பதிவேட்டை இறக்கினேன்.
நவம்பர் பதினேழு, இரவு.
படகு எண் 317, தேடல், 1.10.
317, 1.20.
317, 1.31.
விடியும்வரை அதே எண்ணை
நாற்பத்தாறு தடவை
திறந்து மூடியிருக்கிறது ஒரு விரல்.
காலை 9.47க்கு, குறிப்புக் கட்டத்தில்,
நிரப்பச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் இல்லாத கட்டம் அது,
ஒரே சொல்:
வந்துருச்சு.

"யாரு இது?" என்றேன்.
வாளியோடு நின்ற நம்புசெல்வி
ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.
அக்காள்மடம். தினக்கூலி. துப்புரவு.
"சாருதான் சொல்லிக்குடுத்தாரு.
நாலு மணிக்கு வேற யாரு வர்றா?"

புதிய அமைப்பில் பணிநிலைகள் ஐந்து.
துப்புரவு அதில் இல்லை.
தினக்கூலிக்குப் பணியாளர் எண் இல்லை.
எண் இல்லாதவர்களுக்கு விரல் இல்லை.

கடைசி நிலை 'விருந்தினர்'. அதைப் போட்டுக்கொடுத்தேன்.
அனுமதி: பார்க்க மட்டும்.
என்னால் முடிந்தது அவ்வளவுதான். இல்லை,
முடிந்ததில் வசதியானது.

"பாக்க மட்டுமா?" சிரித்தாள்.
"இத்தன நாளும் வேற என்ன செஞ்சேன்?"

களஞ்சியத்தை முடக்கினேன்.
உறுதியா என்று கேட்டது. ஆம்.
காரணம் கேட்டது.
பட்டியலில் மாறுதல் இருந்தது, ஓய்வு இருந்தது, நீக்கம் இருந்தது.
இறப்பு இல்லை.
மாறுதல் என்று அழுத்தினேன்.

முதல் அதிகாலை.
புது ஆய்வாளர் வாழ்க்கையில் முதன்முறையாக
நாலு மணியைப் பார்த்தார்.
ஆறு இலக்கம் வரவில்லை.
அவர் கைபேசி அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு
இலங்கைக்கு நல்வரவு என்றது.
கரையில் எஞ்சின்கள் புகைந்தன.
"வாடை திரும்புறதுக்குள்ள விடுங்கய்யா,"
சேசடிமை ஜன்னல் கம்பியைத் தட்டினார்.

நம்புசெல்வி கைபேசியைக் கேட்டு வாங்கி
மொட்டைமாடிக்கு ஏறினாள்.
தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே எந்த மூலை என்று
அவளுக்குத் தெரிந்திருந்தது.
மேலேயிருந்து ஒவ்வொரு இலக்கமாகக் கத்தினாள்.
இருட்டில் அது ஏலம்போல் கேட்டது.

அமைப்பு வெற்றிகரமாக இயங்குகிறது
என்று அறிக்கை கொடுத்தேன். பணம் வந்தது.
என் அனுமதியை ரத்துசெய்ய மட்டும்
எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நேற்று இரவு, ஏனோ, உள்ளே போனேன்.
விருந்தினர், படகு எண் 88, 2.15.
விருந்தினர், 88, 2.26.
விருந்தினர், 88, 2.35.

குறிப்புக் கட்டம் காலி.
அவளால் அதில் எழுத முடியாது.

மணி ஐந்தாகப் போகிறது.
நானும் 88ஐத்
திறந்து மூடுகிறேன்.